ஏரிக்கு மேல் ஒன்பது நொடி

“...நீயா பார்த்துக் கையை வெச்சியா, இல்ல மாணிக்கம் கத்தினதைக் கேட்டு வெச்சியா? அதை மட்டும் சொல்லு ரகு. ஃபாரம் எங்கேயும் ஓடிடாது.”

கேப்டன் தேவசகாயம் இதைக் கேட்டது மீனம்பாக்கத்தில், விமானங்களைப் பழுது பார்க்கும் ஹாங்கருக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அறையில். நடுவே ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு ஃபாரம். அதில் ஒரு கையெழுத்து விழுந்தால் எதிரே உட்கார்ந்திருந்த ரகுராமன் கேப்டன் ஆவார். விழாவிட்டால் இரண்டு வருடம் துணை விமானியாகவே இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை தவறியவர். கத்திய மாணிக்கம் நான்தான். மூன்றாவது நாற்காலியில் இருந்தேன்.

மூன்றாவது நாற்காலி எனக்குப் பழக்கமானது. நான் விமானி இல்லை, ஃப்ளைட் எஞ்சினியர். அந்தக் காலத்துப் பெரிய ஜெட்டில் இரண்டு விமானிகளுக்குப் பின்னால் ஒருவன் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து எஞ்சின், எண்ணெய், மின்சாரம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான். இறங்கும்போது மட்டும் நாற்காலியை முன்பக்கம் திருப்பிக்கொண்டு, இருவருக்கும் நடுவே தலையை நீட்டி, வேகத்தையும் உயரத்தையும் கவனிப்பான். பிறகு வந்த விமானங்களில் அந்த நாற்காலியே இல்லை. என் வேலையை ஒரு பெட்டி பார்த்துக்கொள்கிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. சமீபத்தில் விமானப் பயிற்சிப் பள்ளிப் பிள்ளைகள் என்னிடம், “மெஷினே ஓட்டுது, அப்புறம் கையால ஓட்டக் கத்துக்கணும்னு ஏன் உயிரை வாங்கறாங்க?” என்று கேட்டார்கள். பதிலாக எனக்குத் தெரிந்தது அந்த ஒரு நாள்தான். எழுதிவிடுகிறேன்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டி. நைனாவுக்குப் படகு உண்டு. எனக்குப் படகைவிட, கடலுக்குப் போகும் படகுகளில் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த எஞ்சின்மேல் ஆசை. ஐ.டி.ஐ., பிறகு ஹாங்கரில் உதவியாள், பிறகு மெக்கானிக், பிறகு லைசென்ஸ் பரீட்சைகள். இங்கிலீஷ் புத்தகத்தை ஒரு கையிலும் அகராதியை மறு கையிலும் வைத்துப் பொன்னேரியிலிருந்து சென்ட்ரல் வரை ரயிலில் படித்தேன். பத்து வருடத்தை இந்த ஒரு பாராவில் முடித்துக்கொள்கிறேன். அதில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

நான் காக்பிட்டில் உட்கார ஆரம்பித்த பிறகு, பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த காதர் பாய் ஒரு நாள் பிடித்துக்கொண்டார்.

“இன்னா மாணிக்கம், ஓட்டறவங்க ரெண்டு பேருங்கறே. நீ மூணாவது ஆளுங்கறே. நீ இன்னா, கண்டக்டரா?”

“அப்படித்தான் வெச்சுக்கோயேன் பாய்.”

“அப்ப விசிலு குடுத்தாங்களா?”

கடையே சிரித்தது. இப்போது யோசித்தால் பாய் சொன்னது ரொம்பத் தப்பில்லை. சத்தம் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி.

தேவசகாயத்தை நான் முதலில் பார்த்தது எழுபதுகளின் தொடக்கத்தில், நான் மெக்கானிக்காக இருந்தபோது. அன்று ஓடியவை நாற்பது பேர் ஏறும், இறக்கையில் காற்றாடி சுழலும் விமானங்கள். பழுது பார்க்க ஆள் இல்லாத ஊருக்குப் போனால் ஒரு மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒரு விமானத்தில், தானாக ஓட்டும் ஆட்டோபைலட் பெட்டியைப் பழுதுக்குக் கழற்றி அனுப்பியிருந்தோம். அது இருந்த இடத்தில் ஒரு மாதம் வெறும் ஓட்டைதான். எந்தக் கேப்டனும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தேவசகாயம் மட்டும் அந்த ஓட்டையில் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துக்கொண்டார். வசதியாக இருக்கிறது, பெட்டி திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

அவர் பரங்கிமலைக்காரர். குரலை உயர்த்த மாட்டார். விமானத்தைச் சுற்றிப் பார்க்கும்போது கைக்குட்டையால் டயரைத் தட்டுவார், இறக்கையின் விளிம்பைத் தடவுவார், வேகம் அளக்கும் குழாய்க்குள் குனிந்து பார்ப்பார், பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்று. ஏறி உட்கார்ந்ததும் வலது கை த்ராட்டில்மேல் போய்விடும். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கைப்பிடிகளை இறுக்கிப் பிடிக்க மாட்டார். முட்டையைப் பிடிப்பதுபோல மேலே விரல்களைப் போட்டிருப்பார். கண் ஒரு சுற்று வரும்: வேகம், உயரம், திசை, மறுபடி வேகம். எந்தப் பேச்சுக்கு நடுவிலும் அந்தச் சுற்று நிற்காது. துணை விமானி தப்புச் செய்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “அப்புறம்?” என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வேர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளில் பெரிய ஜெட்டுக்கு வந்தோம். அதில் ஆட்டோபைலட் திசையையும் உயரத்தையும் பார்த்துக்கொள்ளும். ஆட்டோத்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். நூற்றெண்பது என்று குறி வைத்துவிட்டால், குறைந்தால் எஞ்சினைக் கூட்டும், கூடினால் குறைக்கும். கைப்பிடிகள் தானாக முன்னும் பின்னும் நகர்வதைப் பார்க்க முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. மேலிடத்திலிருந்து சுற்றறிக்கையும் வந்தது: கூடியவரை இயந்திரத்தையே ஓட்ட விடுங்கள். நியாயமான சுற்றறிக்கை. எண்ணெய் மிச்சமானது. பயணிகளின் டீயும் சிந்தவில்லை.

வடக்கிலிருந்து சென்னைக்கு இறங்கும்போது எங்கள் ஏரிக்குமேல்தான் வருவோம். ஒரு நாள் தெளிவான காலையில் தேவசகாயம் கீழே காட்டி, “மாணிக்கம், அந்தப் படகெல்லாம் ஏன் கோடு போட்ட மாதிரி வரிசையா நிக்குது? மீன் இருக்கற இடத்துக்குப் போகமாட்டாங்களா?” என்று கேட்டார்.

பாடு முறையைச் சொன்னேன். ஏரியில் வலை போடும் இடங்களுக்குத்தான் எங்கள் ஊரில் பாடு என்று பெயர். எல்லா இடமும் ஒன்றுபோல மீன் தராது. அதனால் முறை வைத்துக்கொள்வார்கள். இன்று உனக்கு நல்ல இடம், நாளைக்கு எனக்கு. உன் முறை வரும் நாளில் காற்று ஏறுமாறாக அடித்தாலும், மீனே இல்லாத இடமாக இருந்தாலும், நீதான் அங்கே போய் வலை போட வேண்டும். இன்னொருவன் தலையில் கட்ட முடியாது.

“மாத்திக்க முடியாதா?”

“முடியாது சார். அப்படி மாத்திக்க விட்டா நல்ல நாளுக்கு எல்லாரும் வருவான், கெட்ட நாளுக்கு எவனும் வரமாட்டான்.”

அடுத்த வாரம் அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அவரோடு பறக்கும் நான்கு துணை விமானிகளின் பெயர் அதில் வரிசையாக. ஏரிக்கரை தெரிந்ததும், “இன்னிக்கு யார் பாடு?” என்பார். யார் முறையோ அவர் ஆட்டோபைலட்டையும் ஆட்டோத்ராட்டிலையும் விடுவித்துவிட்டு, அங்கிருந்து ஓடுபாதை வரை கையால் ஓட்ட வேண்டும். வெயில் நாளானாலும் மழை நாளானாலும் முறை முறைதான். சுற்றறிக்கைக்கு விரோதம் என்று ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். “‘கூடியவரை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு முறை கூடவில்லை” என்று பதில் எழுதினார். கடிதப் போக்குவரத்து அதோடு நின்றது.

நால்வரில் ரகுராமன்தான் கெட்டிக்காரர். இயந்திரத்தின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்கே அவர்தான் படம் போட்டுக் காட்டினார். ஆனால் தன் பாடு முறைக்கு வர மாட்டார். முறை வரும் நாளில் டியூட்டியை மாற்றிக்கொண்டிருப்பார், அல்லது தொண்டை கட்டியிருக்கும். மூன்று முறை அப்படி ஆனதும் நான் கேட்டேன்.

“ரகு சார், படகு வெச்சிருக்கறவன் தண்ணிக்கு பயந்தா எப்படி?”

“பயம் இல்ல மாணிக்கம் சார். என்னைவிட அது நல்லா ஓட்டுது. நல்லா ஓட்டறவன் கையிலேர்ந்து பிடுங்கி, சுமாரா ஓட்டறவன் கையில குடுக்கறதுல இன்னா புண்ணியம்?”

அவர் சொன்னது உண்மை. அது அவரைவிட நன்றாகத்தான் ஓட்டியது.

கேப்டன் பதவிக்கான ரகுவின் இரண்டாவது சோதனை ஒரு டிசம்பர் காலை பத்து மணிக்கு. பயணிகள் கிடையாது. விமானத்தில் நாங்கள் மூன்று பேர்தான். இடது இருக்கையில் ரகு, வலது இருக்கையில் சோதிப்பவராகத் தேவசகாயம், பின்னால் நான். மழை முடிந்து ஏரி நிறைந்திருந்தது. பூநாரைகள் வந்திருக்கும் பருவம், அதனால் மூவாயிரம் அடிக்குக் கீழே போவதில்லை என்று முடிவு.

ஏணியில் ஏறும்போது தேவசகாயம் என்னை நிறுத்தினார்.

“நான் காதைச் சொறிஞ்சா, ஆட்டோத்ராட்டில் பிரேக்கரை இழுத்துடு. இழுத்த பிறகு ஸ்பீடு குறையும். நீ பார்ப்பே. வாயைத் தொறக்காதே. நூத்தம்பதுக்கு வந்தா நானே எடுத்துக்கறேன்.”

பிரேக்கர் என்பது என் முதுகுக்குப் பின்னால் சுவரில் வரிசையாக இருக்கும் கறுப்புப் பொத்தான்களில் ஒன்று. ஃப்யூஸ் மாதிரி. இழுத்தால் அந்தக் கருவிக்குக் கரண்ட் போகாது.

“சரி சார்” என்றேன். அந்த “சரி”யை நான் காப்பாற்றவில்லை.

ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒரு எஞ்சினைக் குறைத்துப் பார்த்தார், ரகு சமாளித்தார். திருப்பங்கள் நேர்த்தி. பிறகு ஐயாயிரத்திலிருந்து மூவாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னார். இறங்கும்போது எஞ்சின் விசை தேவையில்லை, ஆகவே த்ராட்டில் முழுக்கப் பின்னால் போய் ஓய்ந்திருக்கும். மூவாயிரத்தில் ஆட்டோபைலட் விமானத்தைச் சமன் செய்யும். அப்போது ஆட்டோத்ராட்டில் எஞ்சினைக் கூட்ட வேண்டும்; கூட்டாவிட்டால் வேகம் குறைந்துகொண்டே போய், கடைசியில் இறக்கை விமானத்தைத் தாங்காது.

தேவசகாயம் காதைச் சொறிந்தார். நான் இழுத்தேன். ரகுவுக்கு முன்னால் ஒரு சிறிய மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சத்தம் வராது. அந்த வெயிலில் விளக்கும் அவ்வளவாகத் தெரியாது.

மூவாயிரம் அடி வந்தது. விமானம் சமன் ஆனது. குறி நூற்றெண்பதில். முள் நூற்றெழுபத்தெட்டு.

இரண்டு நொடியில் நூற்றெழுபத்தைந்து. ரகு விளக்கைப் பார்த்துவிட்டார். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வலது கை போனது ஆட்டோத்ராட்டில் பொத்தானுக்கு. அமுக்கினார். பொத்தான் நிற்காமல் திரும்பி வந்தது. கரண்ட் இல்லையே, எப்படி நிற்கும்? மறுபடி அமுக்கினார். நூற்றெழுபது. வேகம் குறையக் குறைய, உயரத்தைக் காப்பாற்ற ஆட்டோபைலட் மூக்கை மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. ரகு, வேறு ஏதாவது அமைப்பில் இருக்கிறதோ என்று பேனலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாவது முறை அமுக்கினார். நூற்றறுபத்தாறு. அமுக்கிய விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் த்ராட்டில் இரண்டும் சும்மா கிடந்தன. கையால் முன்னே தள்ளினால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

தேவசகாயம் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல இருந்தார்; ஓரக்கண் வேக முள்ளில். கை முழங்காலில்.

நூற்றறுபத்துமூன்று. நான் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மூவாயிரம் அடிக்குக் கீழே எங்கள் ஊர்ப் படகுகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அன்று என் தம்பியின் முறை என்று எனக்குத் தெரியும்.

“ஸ்பீடு!”

என் வாயிலிருந்து அது வந்ததும் ரகுவின் கை த்ராட்டில்மேல் விழுந்ததும் ஒன்றாக நடந்தன. எது முன்னால், எது பின்னால் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. எஞ்சின் முழங்க மூன்று நான்கு நொடி ஆகும். முள் நூற்றறுபது வரை போய் நின்று, திரும்பி ஏறியது. பொத்தானில் விரல் வைத்ததிலிருந்து கை மாறியது வரை ஒன்பது நொடி இருக்கும். ஆபத்து என்று சொல்லும் அளவுக்கு விமானம் போகவில்லை. ஆபத்துக்கு முன்னால் இன்னும் நிறைய இடம் இருந்தது. அந்த இடத்தில்தான் ரகுவின் கை எங்கே போகிறது என்று தேவசகாயம் தெரிந்துகொள்ள நினைத்தார்.

பிறகு ரகு யாரும் சொல்லாமலே ஆட்டோபைலட்டையும் விடுவித்துவிட்டு, எண்ணூர்க் கரையோரமாகக் கையாலேயே ஓட்டி வந்து இறக்கினார். நல்ல இறக்கம். கொஞ்சம் வேர்த்திருந்தார்.

இதையெல்லாம் ஊருக்குப் போய் என் வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவள் மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. “தவளை தன் வாயால கெடும்னு சொல்வாங்க. நீ உன் வாயால அடுத்தவனைக் கெடுத்துட்டு வந்துக்கீற” என்றாள். என் தம்பி வேறு விதமாகப் பேசினான்: “எங்க தலைமேல வந்து வெளாட்டு இன்னா வெளாட்டு? கத்தினது சரிதான்.” இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்த அறைக்குத் திரும்புகிறேன்.

கேப்டன் கேட்டுவிட்டார். நீயா பார்த்தியா, கேட்டு வெச்சியா? ரகு, “நானே பார்த்தேன்” என்று சொல்லியிருந்தால் மறுக்க ஆள் இல்லை. தேவசகாயத்தின் கண் முள்ளில் இருந்தது. எனக்கோ தெரியாது. அந்த நாளில் விமானத்தில் இருந்த பதிவுப் பெட்டியும் வேகத்தைச் சொல்லும், ஒருவன் மனசைச் சொல்லாது. ஃபாரத்தில் மற்ற எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. கடைசிக் கட்டம் ஒன்றுதான் பாக்கி. வேண்டியது ஒரு சொல்.

ரகு மேஜையைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார்.

“கேட்டுத்தான் சார் வெச்சேன்” என்றார். “அவர் கத்தலேன்னா நாலாவது தடவையும் அமுக்கியிருப்பேன். அது ஏன் நிக்கலேங்கறதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு. ஏரோப்பிளேன் ஞாபகம் இல்ல.”

என்னால் நாற்காலியில் சரியாக உட்கார முடியவில்லை. “சார், தப்பு என்னுது. நீங்க சொல்லியும் வாயைத் தொறந்தேன்” என்றேன்.

“உன் தப்பு இல்ல, என் தப்பு. ஸ்பீடு பார்க்கறவனைப் பார்த்து வாயை மூடுன்னு சொன்னேன் பாரு, அது. அந்த ஆர்டரை நான் குடுத்திருக்கக் கூடாது.” தேவசகாயம் பேனாவை மூடினார். “அது இருக்கட்டும். இவன் பாடு முறையில நீ குறுக்கே வந்துட்டே. உங்க ஊர்ல அதுக்கு இன்னா பண்ணுவாங்க?”

“ஒருத்தன் முறையில இன்னொருத்தன் வலை குறுக்கே விழுந்தா, அன்னிக்குப் பாடு செல்லாது சார். மீன் விழுந்தாலும் செல்லாது, விழலேன்னாலும் செல்லாது. மறுபடி அவனுக்கே முறை வரும்.”

“எப்போ?”

“அடுத்த காத்துல சார். காத்து மாறினதும் உடனே.”

ரகு தலையை நிமிர்த்தினார். “அப்போ ஃபெயில் இல்லியா சார்?”

“பாஸும் இல்ல. செல்லாது. இன்னும் எண்ணெய் இருக்கா மாணிக்கம்?”

“ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு சார்.”

தேவசகாயம் ஃபாரத்தை எதுவும் எழுதாமல் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தொப்பியை எடுத்தார். மத்தியான வெயிலில் எங்களுக்கு முன்னால் நடந்து, ஏணி ஏறி, காக்பிட்டுக்குள் போனதும் என் நாற்காலிக்குப் பின்னால் குனிந்தார். ஆட்டோத்ராட்டில் பிரேக்கரைத் தானே இழுத்தார். அதற்குப் பக்கத்தில் இருந்த ஆட்டோபைலட் பிரேக்கரையும் இழுத்தார். “இந்தத் தடவை ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல. நீ உன் இஷ்டத்துக்குக் கத்து” என்று என்னிடம் சொன்னார். ரகு இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து, வலது கையைத் த்ராட்டில்மேல் போடும் வரை நின்று பார்த்தார். பிறகு வலது இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தன் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.